அன்சார்டட் தொடரின் துப்பாக்கிச் சண்டைகள் ஏன் எரிச்சலூட்டுகின்றன?

கதையும் பாறையேற்றமும் புதிர்களும் இனிக்கும் அன்சார்டட் வீடியோ கேம் தொடரில் சண்டை மட்டும் ஏன் சலிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 2007இல் வெளிவந்த முதல் பாகத்தில் சாதாரண எதிரிகூட உடலில் பல குண்டுகள் பாய்ந்த பிறகே விழுகிறான். கைத்துப்பாக்கி ஒன்றும் பெரிய துப்பாக்கி ஒன்றும் மட்டுமே சுமக்க முடிவதால், தோட்டா தீர்ந்ததும் மறைவிடத்தை விட்டு ஓட வேண்டியிருக்கிறது. மறைந்தே இருந்தாலோ கையெறி குண்டு வந்து விழும். ஓர் அணியை வீழ்த்தியதும் அடுத்த அணி வந்துவிடுவதால், பழைய இடிபாடுகளை நின்று வியக்கும் மனநிலையே கலைந்துபோகிறது. என்னைப் பொறுத்தவரை இதுவே பெரிய இழப்பு. 2016இல் வந்த நான்காம் பாகத்தில் உயர்ந்த புல்லுக்குள் பதுங்கி, எதிரிகளைக் குறியிட்டு, ஓசையின்றி வீழ்த்த முடிவதால் இச்சிக்கல் பெரிதும் தணிகிறது. முந்தைய பாகங்களில் கடின அளவைத் தயங்காமல் குறைத்துக்கொள்ளுங்கள்.