ஐசியுவில் புதிதாகச் சேரும் நர்ஸ், சாகும் தறுவாயில் இருக்கும் நோயாளியைக் கவனிக்க எப்படித் தயாராவது?

பெங்களூரில் 14 வருடமாக ஐசியு நர்ஸாக இருக்கிறேன், ஊர் கிருஷ்ணகிரி பக்கம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நான் கவனித்த பெட்டில் இருந்தார். இனி வெண்டிலேட்டர் வேண்டாம் என்று டாக்டர்களும் குடும்பமும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அவர் மனைவி, "சிஸ்டர், ஒரு வாய் தண்ணி ஊத்தட்டுமா?" என்று கேட்டார். சார்ட்டில் வாய்வழி எதுவும் கூடாது என்று இருந்தது. "கூடாதும்மா" என்றேன். நாலு மணி நேரத்தில் அவர் இறந்துவிட்டார். பஞ்சை நனைத்து அந்த அம்மா கையில் கொடுத்து, உதட்டைத் துடைக்கச் சொல்லியிருக்கலாம். நாலு வருட நர்சிங் படிப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதனால் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது: சிகிச்சையை நிறுத்தினாலும் நர்ஸின் வேலை நிற்காது, கூடத்தான் செய்யும். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் அளவை டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். பெட் பக்கத்து மானிட்டர் சத்தத்தை அணைக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் அப்பா முகத்தை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். அதற்கு, சளியை உறிஞ்சும் குழாயை உள்ளே விட்டு ஆழமாக சக்‌ஷன் போட்டால் நோயாளிக்குத் தொந்தரவுதான், பலன் குறைவு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தேவைப்பட்டால் சுரப்பைக் குறைக்கும் கிளைகோபைரோலேட் மருந்தை டாக்டர் எழுதுவார். மூச்சு நின்று நின்று வரும், கை கால் சில்லிடும். இதெல்லாம் வரும் என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேச்சுக்கும் பயிற்சி வேண்டும். எங்கள் யூனிட்டில் காலி பெட் பக்கத்தில் ஒருவர் மகளாகவும் ஒருவர் நர்ஸாகவும் உட்கார்ந்து பேசிப் பார்க்கிறோம், தமிழிலும் கன்னடத்திலும். "சீரியஸ்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அட்மிட் ஆன நாளிலிருந்தே அதைக் கேட்டவர்களுக்கு அது ஒன்றும் சொல்லாது. "இன்றோ நாளையோ இறந்துவிடலாம், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள்" என்று டாக்டர் தெளிவாகச் சொல்லும்போது பக்கத்தில் நில்லுங்கள். டாக்டர் அங்கிருந்து கிளம்பிய பிறகு கேள்விகள் உங்களிடம்தான் வரும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணியமாக இறக்கும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. உயிர்காக்கும் சிகிச்சையை விலக்க இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் இதை நடைமுறைப்படுத்தக் கர்நாடக அரசும் உத்தரவு போட்டது. "நாம்தான் கொல்கிறோமா?" என்று இரவு டியூட்டியில் இருந்த ஒரு நர்ஸ் பெண் அழுதுகொண்டே கேட்டாள். நோய்தான் உயிரை எடுக்கிறது, நாம் வலியை எடுக்கிறோம் என்று அவளை உட்காரவைத்துச் சொன்னேன்.

அப்புறம், முதல் மரணத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். இன்சார்ஜிடம் முன்பே கேட்டு ஒரு சீனியரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் திரையை இழுத்துவிட்டு, அடுத்த அட்மிஷனை எடுக்கும் முன் பத்து நிமிஷம் இடைவேளை கேளுங்கள். எங்கள் ஷிஃப்டில் யார் கேட்டாலும் அந்தப் பெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.