கருவி ஏறச் சொல்லும்போது கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னால்?

கேள்வி: நான் பயணம் செய்த விமானம் தரையிறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தபோது, இயந்திர ஒலி திடீரெனப் பெருகி, விமானம் மீண்டும் மேலெழுந்தது. அருகே வேறொரு விமானம் இருப்பதாக மோதல் தவிர்ப்புக் கருவி எச்சரித்ததால் ஏறியதாக விமானி பிறகு அறிவித்தார். தரையில் கட்டுப்பாட்டாளர்கள் ரேடாரில் கவனித்துக்கொண்டிருக்கையில் இக்கருவி எதற்கு? இரண்டும் முரண்பட்டால் விமானி எதைக் கேட்பார்? — ஒரு வாசகி

பதில்: கருவியைத்தான் கேட்பார். கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொல்லியிருந்தாலும், கருவி ஏறச் சொன்னால், விமானத்தின் பாதுகாப்புக்கே கேடு வரும் என்றாலொழிய, அவர் ஏறியாக வேண்டும். ‘டிகாஸ் ஆர்.ஏ.’ (டிகாஸ் என்பது இக்கருவியின் பெயர்; ஆர்.ஏ. என்பது அது இடும் கட்டளை) என்று அவர் வானொலியில் தெரிவித்துவிட்டால், ஆபத்து விலகியதாக அவரே சொல்லும்வரை கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்தின் பாதையை மாற்ற முயலக் கூடாது. விதி இவ்வளவு கறாராக ஆனதற்கு 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே நிகழ்ந்த மோதல் முக்கியக் காரணம். ரஷ்யப் பயணிகள் விமானம், போயிங் 757 சரக்கு விமானம் இரண்டிலுமே டிகாஸ் இருந்தது. இரண்டு கருவிகளும் தமக்குள் பேசி, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் சொல்லியிருந்தன. சரக்கு விமானம் சொன்னபடி இறங்கியது. ரஷ்ய விமானமோ கட்டுப்பாட்டாளரின் சொல்லைக் கேட்டுத் தானும் இறங்கியது. 71 பேர் இறந்தனர்.

ரேடார் இருக்க இது எதற்கு என்ற கேள்விக்கும் அந்த விபத்திலேயே விடை இருக்கிறது: மனிதர் தவறவிடும் கடைசி வினாடிகளுக்காகவே இக்கருவி. அருகிலுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களை (வானொலி வினவலுக்குத் தானாகப் பதிலளிக்கும் கருவிகளை) அது தானே வினவி, தொலைவையும் உயரத்தையும் பெறுகிறது. எத்தனை கிலோமீட்டர் இடைவெளி என்பதைவிட, எத்தனை வினாடியில் சந்திப்பு நேரும் என்பதையே முதன்மையாகக் கணக்கிடுகிறது. தரையிலிருந்து சுமார் 1,000 முதல் 2,350 அடி வரையிலான உயரத்தில், ஏறக்குறைய 25 வினாடிக்கு முன்பு ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்ற முன்னெச்சரிக்கையும், 15 வினாடிக்கு முன்பு ‘கிளைம்ப், கிளைம்ப்’ (ஏறு, ஏறு) போன்ற கட்டளையும் ஒலிக்கும். மற்ற விமானம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அது துல்லியமாக அறியாது. ஆதலால் இடம் வலமாகத் திரும்பச் சொல்வதேயில்லை.

எச்சரிக்கை வந்ததாலேயே மயிரிழையில் உயிர் தப்பினீர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். விமானியின் எண்ணம் கருவிக்குத் தெரியாது. ஆயிரம் அடி கீழேயே நின்றுவிட எண்ணி ஒரு விமானம் வேகமாக ஏறி வந்தாலும், அது நிற்காது என்று கொண்டே கருவி கணக்கிடும். அதற்காக, வெளியே எட்டிப் பார்த்து ‘இது வீண் எச்சரிக்கை’ என்று விமானி தீர்மானிக்கவும் கூடாது. இரவில் ஒரு விளக்கைப் பார்த்து வேறொரு விமானம் என்று எண்ணிவிடுவது மிக எளிது.

உங்கள் விமானத்துக்கு ஏறும் கட்டளை கிடைத்தது என்பதிலிருந்தே, அப்போது அது தரையிலிருந்து ஏறக்குறைய 1,000 அடிக்கு மேல் இருந்தது என்று ஊகித்துவிடலாம். தரைக்கு மிக அருகே இறங்கச் சொல்வது தற்கொலைக்குச் சமம்; ஓடுதளத்தை நெருங்கும் விமானிகளை அந்த நேரத்தில் கலைப்பதும் ஆபத்து. ஆகவே சுமார் 1,100 அடிக்குக் கீழே ‘இறங்கு’ என்ற கட்டளையும், 1,000 அடிக்குக் கீழே எல்லாக் கட்டளைகளும் தடுக்கப்பட்டுவிடும். முன்னெச்சரிக்கைக் குரல் மட்டும் இன்னும் சற்றுத் தாழும்வரை ஒலிக்கும். நியாயமான ஏற்பாடுதான் என்றாலும், அதில் ஓர் இடைவெளி உண்டு. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் தரையிறங்கவிருந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் ஏறத்தாழ 300 அடி உயரத்தில் மோதி 67 பேர் இறந்தபோது, சுமார் 20 வினாடிக்கு முன்பே விமானிகளின் அறையில் ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்ற குரல் ஒலித்திருந்தது. ஏறு என்றோ இறங்கு என்றோ அது சொல்லவில்லை. அந்த உயரத்தில் சொல்லாதபடிதான் அது வடிவமைக்கப்பட்டிருந்தது.