வனாந்தர மாநிலப் பூங்காவில் தன்னார்வலர்களின் பணி உண்மையில் என்ன?

கலிஃபோர்னியாவின் ஹென்றி கோ மாநிலப் பூங்காவை வைத்து இதற்கு விடை சொல்கிறேன். 1953இல் சாடா கோ என்ற பெண்மணி தம் தந்தையின் நினைவாக அளித்த பண்ணை நிலத்திலிருந்து வளர்ந்து, இன்று 87,000 ஏக்கருக்கும் மேல் விரிந்துள்ள இப்பூங்காவுக்கு அரசுப் பணியாளர்கள் மிகச் சிலரே. எனவே பூங்காவுக்கு உதவும் அமைப்பான பைன் ரிட்ஜ் சங்கத்தின் தன்னார்வலர்கள் பார்வையாளர் மையத்தில் அமர்ந்து, எந்தப் பாதையில் ஏற்றம் கடினம், எந்த ஊற்றில் இப்போது நீர் கிடைக்கும் என்று வழி சொல்கிறார்கள்; கோடையில் தண்ணீரின்றி நெடுந்தூரம் நடப்போருக்கு இது உயிர்காக்கும் தகவல் என்பதால், இப்பணியைச் சிறிதாக எண்ணலாகாது.

ஆயினும் மிகக் கடினமானது பாதைப் பராமரிப்புதான். முட்புதர்கள் விரைவில் வளர்ந்து வழியை மூடிவிடும். மழைநீர் பாதையிலேயே ஓடினால் மண் அரித்துப் பள்ளமாகும் என்பதால், நீரைச் சரிவின் பக்கம் திருப்பிவிட வேண்டும். பூங்காவுக்குள் உள்ள ஒரெஸ்டிம்பா வனாந்தரப் பகுதியில் மிதிவண்டிகூட அனுமதிக்கப்படுவதில்லை. அத்தகைய இடத்தில் பாதையைச் சீரமைக்கக் கருவிகளைச் சுமந்து நடந்தோ குதிரையிலோதான் செல்ல இயலும்.

2011இல் நிதிப் பற்றாக்குறையால் மூடவிருந்த 70 மாநிலப் பூங்காக்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. பூங்காவை நேசித்தவர்கள் திரட்டிய நன்கொடையே அதைத் திறந்திருக்கச் செய்தது.