பன்றிக்குட்டியின் குடல் நலமும் தீவனச் சேர்மானங்களும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான்கு கிழமைக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த சில நாட்களிலேயே கழிச்சல் தொடங்கிவிடுகிறது. கடையில் நாக ஒட்சைட்டுப் (சிங்க் ஒக்சைட்) பொடி தருகிறார்கள். கொடுக்கலாமா? (இளவாலை)

பதில்: பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் ஐதரோகுளோரிக் அமிலம் குறைவாகவே சுரக்கும். பாலில் உள்ள இலற்றோசு என்ற சர்க்கரையிலிருந்து நுண்ணுயிர்கள் ஆக்கும் இலற்றிக் அமிலந்தான் அக்குறையை ஈடுசெய்கிறது. பால் நின்றதும் அந்தத் துணையும் நின்றுபோகிறது, புதுத் தீனை வெறுத்துப் பட்டினி கிடக்கும் குட்டியின் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்களான சடைமுளைகள் குட்டையாகி, செரிக்காத புரதம் பெருங்குடல்வரை சென்று கெட்ட நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது, கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை என்ற பற்றீரியாவும் பெருகுகிறது. கிலோ தீவனத்திற்கு ஏறத்தாழ 3 கிராம் வீதம் இரண்டு கிழமைகள் மட்டும் கொடுக்கப்படும் நாக ஒட்சைட்டு இக்கழிச்சலைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆயினும் அதன் பெரும்பகுதி எருவோடு வெளியேறி மண்ணில் சேர்வதாலும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகத் துணைபோவதாலும், ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் இந்த மருத்துவ அளவுப் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. அந்த எருவையே வெங்காயத் தறைக்கு இடுகின்ற நாமும் இதை யோசிக்க வேண்டும். கால்நடை வைத்தியர் எழுதித் தந்தாலன்றிப் பொடியை நாடாதீர்கள். குட்டி பிறந்த இரண்டாம் கிழமையிலிருந்தே தாயின் பாலோடு சிறிது தீனையும் பழக்குங்கள்; பிரித்த பிறகு புரதத்தை 18 சதவீத அளவில் நிறுத்தி, அதனால் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தனியாகச் சேருங்கள். கழிச்சலில் இரத்தம் கண்டாலோ, கண்ணிமை வீங்கினாலோ, சேர்மானங்களைப் பற்றிய பேச்சை விட்டு உடனே வைத்தியரை அழையுங்கள்.

கேள்வி: குட்டிகளின் இரைப்பைக்கு உதவவெனக் குடிநீரில் கலக்கும் அமிலத்தைப் பக்கற்றில் சொன்ன அளவிலேயே விடுகிறேன். பயன் எதுவும் தெரியவில்லை. (கோண்டாவில்)

பதில்: குறை பெரும்பாலும் அமிலத்தில் அல்ல, உங்கள் கிணற்றில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லினூடாக வருவது. கேத்தலில் வெள்ளையாகப் படிவது அதன் சாட்சி. நீரிலுள்ள இருகாபனேற்று என்ற கார உப்பு முதலில் விடும் அமிலத்தை நடுநிலையாக்கிவிடுவதால், மென்னீருக்கென எழுதப்பட்ட அளவு இங்கே போதாது. ஒரு வாளி நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளால் சோதித்து, 4 அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால் குட்டிகள் நீரைக் குடிக்க மறுக்கக்கூடும். இத்தனை கவனத்திற்கு நேரமில்லாதவர்கள் தீவனத்தில் சித்திரிக் அல்லது பியூமரிக் அமிலத்தை 1 முதல் 2 சதவீதம் வரை கலப்பதே நல்லது என்பது என் எண்ணம். வீட்டில் தீன் கலப்பவர்கள் சுண்ணாம்புக்கல் தூளை அளவுக்கு மேல் போடுவதையும் பார்க்கிறேன். அத்தூளும் நாக ஒட்சைட்டும் அமிலத்தை உறிஞ்சுபவை. ஒரு கையால் அமிலம் கொடுத்து மறு கையால் அதைப் பறிப்பதில் பொருளில்லை.

கேள்வி: குடலுக்கு நல்ல நுண்ணுயிர்களைக் கொண்ட புரோபயோற்றிக்கின் விலை கூடிவிட்டது. கள்ளு மண்டியோ தயிரோ போதாதா? (கரவெட்டி)

பதில்: கள்ளு மண்டியில் மதுவம் (ஈஸ்ட்) இருக்கிறது, கூடவே அற்ககோலும், எவை எவையென்று அறிய முடியாத நுண்ணுயிர்களும் இருக்கின்றன. பால் மறந்த குட்டிக்கு அது வேண்டாம். தயிர் தீங்கு செய்யாது. ஆனால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் குடலில் நிலைப்பதில்லை, அளவும் நாளுக்கு நாள் மாறும். விலைக்கு வாங்குவதானால் பசிலசு என்ற நுண்ணுயிர் வகையைத் தேடுங்கள். அதன் வித்திகள் குளிசைத் தீவனம் தயாரிக்கும் வெப்பத்தையும், நமது கொட்டிலின் சூட்டையும் தாங்கும். இலற்றோபசிலசு என்ற மற்ற வகை அவ்வளவு தாங்காது.

கேள்வி: வளர்ச்சிக்காகச் சிறிதளவு அன்டிபயோட்டிக்கைத் தீனில் போடலாமா? (ஊர்காவற்றுறை)

பதில்: வேண்டாம். சுவீடன் 1986 இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 இலும் இவ்வழக்கத்தைக் கைவிட்டன. கொட்டில் சுத்தமாக இருக்குமிடத்தில் அதனால் கிடைக்கும் நிறைக்கூட்டலும் சொற்பமே.

கேள்வி: மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கை, நச்சுறிஞ்சிப் பொடி கலந்து கொடுக்கலாமா? (மானிப்பாய்)

பதில்: நச்சுறிஞ்சியாக விற்கப்படும் பென்ரனைற்றுக் களி, அப்ளாரொட்சின் என்ற பூஞ்சண நச்சை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஏனைய பூஞ்சண நச்சுகள் பலவற்றில் அதன் பிடி மிகவும் தளர்ந்தது. வெயிலில் காயவைத்தாலும் உண்டான நச்சு போகாது. ஆகவே பூஞ்சணம் கண்ட மூடையைக் குட்டிகளுக்கும் சினைப்பன்றிக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள். புதிய மூடைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரில் படாமல் அடுக்குங்கள்.