உயிரியலில் எந்தப் பட்டம் கைகொடுக்கும்? கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் வசதி குறைவு, அக்கா. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, விலங்கியல் மூன்றிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எதில் சேரட்டும்?

பதில்: படிப்பு முடிந்த மறுநாள், அந்த ஒரு சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்று பாருங்கள். மைக்ரோபயாலஜி முடித்தவர்களை மருந்து, உணவு, குடிநீர் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எடுக்கிறார்கள். ஊசிமருந்தின் மாதிரியை வளர்ப்பூடகத்தில் (கிருமி வளர்வதற்கான சத்துக் கலவை) 14 நாள் வைத்துக் கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் இவர்கள் வேலைதான். விலங்கியல் பெரும்பாலும் மேற்படிப்போ ஆசிரியர் பயிற்சியோ சேர்ந்த பிறகே சம்பளம் தரும். அந்தக் கூடுதல் வருடங்களின் கட்டணத்தையும், அப்போது சம்பாதிக்காமல் போகும் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பயோடெக்னாலஜியைப் பொறுத்தவரை எல்லாமே கல்லூரியின் ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: ஆய்வகம் நல்லதா என்று சேரும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இறுதியாண்டு மாணவர்களிடம் கேளுங்கள். டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் எந்திரம் ஒன்றுக்கு எத்தனை பேர்? மிகச் சிறு அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட் அவரவர் கைக்கு வந்ததா, ஆசிரியர் செய்துகாட்டியதோடு சரியா? கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவி ஓடுகிறதா, உறை போட்டு மூடியிருக்கிறதா? ப்ராஜெக்டுக்கு வெளியில் பணம் கட்டினார்களா?

ஏன் இவ்வளவு கேட்கச் சொல்கிறேன் என்றால், நேர்காணலில் கைப்பழக்கத்தைத்தான் சோதிப்பார்கள். "1 மோலார் சோடியம் குளோரைடு 250 மில்லி தயாரியுங்கள்" என்பார்கள். 1 மோலார் என்றால் ஒரு லிட்டரில் ஒரு மோல், அதாவது இந்த உப்பில் 58.44 கிராம். 250 மில்லி கால் லிட்டர் என்பதால் 58.44 ஐ 0.25 ஆல் பெருக்கினால் 14.61 கிராம். இதுவரை பலரும் வந்துவிடுவார்கள். பிறகு அந்த உப்பின் மேல் 250 மில்லி தண்ணீரை அப்படியே ஊற்றிவிடுவார்கள். உப்பும் இடம் பிடிப்பதால் மொத்தம் 250ஐத் தாண்டி, செறிவு குறைந்துவிடும். 200 மில்லியில் கரைத்து, அளவுக் குடுவையில் 250 கோடு வரை நிரப்ப வேண்டும். தானே பத்து முறை செய்தவருக்கு இது யோசிக்காமல் வரும்.

கேள்வி: மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் எடுத்தால் சொந்தக்காரர்கள் மட்டமாகப் பேசுகிறார்கள்.

பதில்: பேசட்டும். சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்ற நிலையில் நான் முதலில் சொல்வது இதைத்தான். மருத்துவமனைப் பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கும். ரத்தப் பரிசோதனை நிற்கவே நிற்காது. ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள்: அந்தப் படிப்புக்குத் தொழில் பதிவு தரும் அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று அந்த அமைப்பின் பட்டியலிலேயே பாருங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்ப வேண்டாம். பதிவு இல்லாமல் பணி செய்ய முடியாத இடங்களில், அங்கீகாரமற்ற சான்றிதழுக்குக் கட்டிய பணம் முழுவதும் வீண்.

கேள்வி: பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா?

பதில்: முடியும். செய்முறை வகுப்பு இரண்டு மூன்று மணி நேரம் ஓடும், தவறினால் திரும்பச் செய்ய விடமாட்டார்கள். எனவே கால அட்டவணை வந்த பிறகே வேலை நேரத்தை ஒப்புக்கொள்ளுங்கள். வேதியியலை மட்டும் கோட்டை விடாதீர்கள். முந்தைய தாளில் தேறினால்தான் அடுத்த தாள் என்று வைத்திருக்கும் கல்லூரிகளில், பொது வேதியியல் தேறாவிட்டால் கரிம வேதியியல் தள்ளிப்போகும், அது தள்ளினால் உயிர்வேதியியலும் தள்ளும். அங்கே ஒரு தாளில் விட்டது ஒரு வருடத்தையே தின்றுவிடலாம்.

கேள்வி: உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் மேல் ஆசை. என்னிடம் இருப்பது பழைய லேப்டாப், அக்கா.

பதில்: தொடங்க அது போதும், தம்பி. அதற்கான நிரல் மொழிகளான ஆர், பைத்தான் இரண்டும் இலவசம். டிஎன்ஏ வரிசைகளைச் சேர்த்துவைக்கும் ஜீன்பேங்க், ஜீன்களின் செயல்பாட்டுத் தரவுகளைச் சேர்த்துவைக்கும் ஜியோ (GEO) தரவுத்தளங்களில் உண்மையான ஆய்வுத் தரவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. கனமான கணிப்பைக் கேலக்ஸி என்ற இலவசத் தளத்தின் சர்வரில் ஓட்டலாம். ஆனால் புள்ளியியலை முதலில் படியுங்கள். கட்டளைகளை நகலெடுத்து ஒட்டி வரைபடம் போடுபவர்கள் நிறைய. 20,000 ஜீன்களை ஒரே நேரத்தில் சோதித்தால் 0.05 (நூற்றுக்கு ஐந்து முறை தவறாக 'ஆம்' என்று காட்டலாம்) என்ற வரம்பில் தற்செயலாகவே சுமார் 1,000 ஜீன்கள் 'முக்கியம்' என்று வந்து நிற்கும், அதை எப்படித் திருத்துவது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. வேலை அவர்களுக்குத்தான்.

கேள்வி: பிஎச்டி?

பதில்: கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் எழுத்தில் கிடைத்தால் போங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். சேரும் முன், அந்த வழிகாட்டியிடம் கடைசியாக முடித்த ஐந்து பேர் எத்தனை வருடம் எடுத்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.