கேளுங்க, சொல்றேன்: பைலட்டுக்கும் மழை நாளு உண்டு

கேள்வி: ஐயா, நானும் வீட்டுக்காரரும் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டித்தான் மகனை படிக்க வெச்சோம். இப்ப அவன் ஒரு விமான கம்பெனியில கோ-பைலட்டு. ஊர்ல எல்லாரும் 'உங்களுக்கென்னம்மா, மகன் அள்ளி கொட்டுவான்'னு சொல்றாங்க. அவனோ சம்பளம் மாசத்துக்கு மாசம் மாறுது, ராத்திரி பத்து மணிக்கு ரோஸ்டரை, அதான் வேலை அட்டவணையை, மாத்துறாங்க, மேனேஜ்மெண்டை ஒரு வார்த்தைகூட நம்ப முடியல, விட்டுடலாமான்னு கேக்குறான். பொறுத்து போடான்னேன், கோவிச்சுக்கிட்டான். நான் சொன்னது தப்பா?
– ஒரு தாய், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: தப்புன்னு சொல்ல மாட்டேன்மா, ஆனா உங்களுக்கு தெரியாத விஷயம் இல்ல இது. மழை பேஞ்சா மரம் வெட்ட முடியாது, அன்னிக்கு கைக்கு என்ன வந்துச்சுன்னு நினைச்சு பாருங்க. பைலட்டு சம்பளமும் நிறைய கம்பெனியில அப்படித்தான், பேசிக்னு ஒண்ணு இருக்கும், மீதி பறந்த மணிக்கு அலவன்ஸ். அந்த மணியும் பிளேன் நிக்கிற இடத்தை விட்டு நகர்ந்தப்புறம்தான் ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி ஏர்போர்ட்ல ரிப்போர்ட் பண்ணி பேப்பர் வேலை பாக்குறது, பிளேன் லேட்டானா உக்காந்து கெடக்குறது, இதெல்லாம் தோட்டத்துல காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நின்ன நேரம் மாதிரி, பல இடத்துல அதுக்கு தனியா காசு கெடையாது. 2020-ல கோவிட் வந்து பிளேன் எல்லாம் நின்னப்ப அது எவ்வளவு பெரிய மழைன்னு அவனை கேளுங்க.

நம்பிக்கை எங்க போகுதுன்னா, கணக்கு ஒரே கையில இருக்கிறப்பதான். பால்ல எவ்வளவு தண்ணின்னு தோட்டத்து கணக்குப்பிள்ளை கிராணி சொல்றதுதான் கணக்குன்னு நம்ம ஆளுங்க எத்தனை வருஷம் முணுமுணுத்தாங்க! பக்கத்துல சிங்கப்பூர்ல 2003-ல சார்ஸ் நோய் வந்தப்ப சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பைலட்டு சங்க தலைவருங்க சம்பள குறைப்புக்கு ஒத்துக்கிட்டாங்க, கொஞ்ச மாசத்துல கம்பெனி திரும்ப லாபம் பாத்துச்சு, அப்புறம் என்ன, மெம்பருங்க ஓட்டு போட்டு அந்த தலைவருங்களையே எறக்கிட்டாங்க. அந்த நாட்டு முன்னாள் பிரதமர் லீ குவான் யூவே நேரா எறங்கி எச்சரிக்கை விடுற அளவுக்கு போச்சு. கோவம் முழுக்க காசு மேல இல்லம்மா, கஷ்டத்துல எங்களை மட்டும் கேட்டீங்க, லாபத்துல ஏன் கேக்கலங்கறதுதான்.

இன்னொண்ணு சொல்றேன், 2009 ஜனவரி 15-ல நியூயார்க்குல ஹட்சன் ஆத்துல பிளேனை எறக்கி 155 பேரையும் காப்பாத்துன கேப்டன் சல்லன்பெர்கர், அடுத்த மாசம் அமெரிக்க காங்கிரஸ்ல போய் உக்காந்து, என் சம்பளம் 40 சதம் குறைஞ்சிடுச்சு, பென்ஷனும் போச்சுன்னாரு. அவரு ஆத்துல எறக்கி சரியா 28 நாள் கழிச்சு பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் பிளேன் விழுந்து 50 பேரு செத்தாங்க. அந்த பிளேன் கேப்டன் கையாண்ட விதம்தான் தப்புன்னு ரிப்போர்ட்டு, ஆனா கோ-பைலட்டு பொண்ணு சியாட்டில்ல இருந்து ராத்திரி முழுக்க பயணம் பண்ணி வேலைக்கு வந்திருந்துச்சு, வருஷத்துக்கு 16 ஆயிரம் டாலர் சம்பளம்னு விசாரணையில பேச்சு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் 2014-ல இருந்து அங்க டியூட்டிக்கு முன்னாடி 10 மணி நேரம் ஓய்வு கட்டாயம்.

அதனால 'பொறுத்து போ'ன்னு சொல்லாதீங்க, தூங்குனியாடான்னு கேளுங்க. 28 நாள்ல 100 மணி, வருஷத்துக்கு 900 மணி பறக்கலாம்னு வரம்பு இருக்கு, ஆனா பறந்த மணி வேற, டியூட்டி மணி வேற. ரிப்போர்ட் பண்ண நேரம், வீட்டுக்கு வந்த நேரம், ரோஸ்டர் மாத்துன மெசேஜ் எல்லாத்தையும் அவனே ஒரு புக்குல எழுதி வெக்கட்டும். ஒடம்பு முடியலன்னா பறக்க மாட்டேன்னு எழுத்துல குடுக்கணும், வாயால சொன்னா நாளைக்கு யாரும் சொல்லலம்பாங்க. வேலையை விடுறதா இருந்தா மொதல்ல பாண்டு பேப்பரை படிக்கணும், ட்ரெய்னிங் காசை திருப்பி கேப்பாங்க.

கேள்வி: லட்சக்கணக்கா வாங்குறவனுக்கு எதுக்கு சங்கம்? ஸ்ட்ரைக் வேறயா?
– புக்கிட் ரோத்தான் வாசகர்

பதில்: அண்ணே, கேப்டனையும் புதுசா சேர்ந்த பையனையும் ஒரே தராசுல போடாதீங்க. ஸ்ட்ரைக்கும் இங்க மலேசியாவுல சும்மா பண்ண முடியாது, விமான சேவை அத்தியாவசிய சேவை, நோட்டீஸ் குடுத்து 21 நாள் பொறுக்கணும். 1979-ல மாஸ், அதான் மலேசிய விமான கம்பெனி, ஊழியர் தகராறுல சங்கத்து ஆளுங்களை விசாரணை இல்லாம பிடிச்சு வெக்கிற ஐஎஸ்ஏ சட்டத்துல உள்ள வெச்சாங்க, அடுத்த வருஷமே தொழிற்சங்க சட்டத்தை இறுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் யாருக்கு தைரியம் வரும்.

கேள்வி: பள்ளி இறுதி பரீட்சை எஸ்பிஎம் முடிச்சிட்டேன், பைலட்டு பள்ளியில சேர அப்பா வீட்டை அடமானம் வெக்கிறேங்கறாரு, சேரட்டுமா?
– தம்பி, ரவாங்

பதில்: மூணு லட்சம் வெள்ளிக்கு மேல ஆகும் தம்பி, லைசென்ஸ் கைக்கு வந்தாலும் வேலை கூடவே வராது. வீட்டை தொடாதீங்கன்னு அப்பாகிட்ட நான் சொன்னேன்னே சொல்லு. மொதல்ல மெடிக்கல் செக்கப் போ. எங்க லயத்துல ஒரு பையன் முன்பணம் கட்டிட்டு வந்தப்புறம்தான் தனக்கு செவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியுதுன்னு கண்டுபிடிச்சான்.