தனித்தொழில் கணக்கு: வாசகர் கேள்விகள்

கொட்டேஷன் வாட்ஸ்அப்பில், பில் எக்செல்லில், பாக்கிக் கணக்கு நோட்டில் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் ஒரே மென்பொருளில் கிடைக்கும், மாதம் 20 டாலர் என்கிறார்கள். வாங்கலாமா?
— கிராஃபிக் டிசைனர், பெரம்பூர்

எட்டுப் பத்து பார்ட்டிகளுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால் மென்பொருள் வேண்டும்தான். அந்த 20 டாலர் மென்பொருள்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. வெளிநாட்டு மென்பொருள்கள் பார்க்க அழகாக இருக்கும். ஒப்பந்தம், கையெழுத்து, வேலை நேரம், பில், பணம் எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். ஆனால் பணம் வாங்கும் இடத்தில் நமக்கு இடிக்கும். பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுப் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. சவுகார்பேட்டை கடைக்காரர் உங்கள் பில்லில் உள்ள பேபால் பட்டனை அழுத்திப் பணம் அனுப்ப முடியாது. அவர் யூபிஐ செய்வார். அதை நீங்கள் கையால் பதிய வேண்டும். பாதி வசதி அங்கேயே போய்விடும்.

சந்தாவிலும் கவனம் தேவை. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், 20 டாலர் மேல் 18% வரியை அந்த நிறுவனமே சேர்த்து வாங்கும். கார்டில் தானாகக் கழியும் தொகை 15,000 ரூபாய்க்குள் இருந்தால் ஓடிபி தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அந்த நிறுவனம் இந்த ஏற்பாட்டுக்குள் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் மாதச் சந்தா தோற்றுப்போய், பில் போட வேண்டிய நாளில் கணக்கு பூட்டிக் கிடக்கும்.

முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். சோஹோ இன்வாய்ஸ் ஒன்று. கொட்டேஷன், பில், வேலை நேரக் கணக்கு மூன்றும் அதிலேயே உண்டு. எதை எடுத்தாலும் மூன்று பார்ட்டியை மட்டும் ஏற்றி ஒரு மாதம் ஓட்டுங்கள். பழைய பில்களை எல்லாம் ஏற்ற உட்காராதீர்கள். பலரும் அந்த இடத்தில்தான் சலித்துப்போய்க் கைவிடுகிறார்கள். மாதத்தின் 1-ம் தேதி யார் யார் எவ்வளவு பாக்கி என்பதை மட்டும் தொடக்க இருப்பாகப் போட்டால் போதும்.

அடுத்தது உங்கள் வேலைப் பட்டியல். விசிட்டிங் கார்டு, ஃப்ளெக்ஸ், பெட்டி டிசைன் என்று ஒவ்வொன்றுக்கும் விலை, பக்கத்திலேயே ‘3 கரெக்ஷன் வரை, அதற்கு மேல் தலா இவ்வளவு’ என்ற வரி. அது கொட்டேஷனிலேயே அச்சாகிவிட்டால் நாலாவது கரெக்ஷனுக்கு வாய்ச்சண்டை வராது. பில் எண்ணை ‘26-27/001’ என்று நிதியாண்டோடு தொடங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் எண் 16 எழுத்துக்குள், இடைவெளி விடாமல் வரிசையாக வர வேண்டும். தப்பான பில்லை அழித்தால் அந்த எண் காணாமல் போகும், ஆடிட்டர் கேட்பார். அழிக்காதீர்கள், ரத்து செய்யுங்கள்.

டைமரை வைத்து மணிக்கு இவ்வளவு என்று பில் போட்டால் நம் பக்கத்துக் கடைக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். அது உங்கள் கண்ணுக்கு மட்டும். 4,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்ட லோகோ 16 மணி நேரம் தின்றால், மணிக்கு 250 ரூபாய்க்கு உழைத்திருக்கிறீர்கள். அடுத்த கொட்டேஷனில் அது உதவும்.

பணம் கட்டும் முன் கடைசிச் சோதனை: பார்ட்டி, பில், வரவு மூன்றையும் எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். பில் பிடிஎஃப்-ஆக மட்டும்தான் வருகிறது என்றால் அது வேண்டாம். பின்னால் மாறவே முடியாது.

கல்யாண ஃபோட்டோ எடுக்கிறேன். 80,000 ரூபாய் ஆர்டர்; 30,000 அட்வான்ஸ். மென்பொருளில் வருமானம் 1,10,000 என்று காட்டுகிறது. ஏன்?
— ராயபுரம் வாசகர்

அட்வான்ஸ் வாங்கியபோது 30,000-க்கு ஒரு பில், வேலை முடிந்ததும் 80,000-க்கு இன்னொரு பில் போட்டிருப்பீர்கள். அட்வான்ஸுக்குப் பில் கூடாது. ‘அட்வான்ஸ் ரசீது’ என்ற வகையில் பதிய வேண்டும். சில மென்பொருளில் இதை ‘ரிடெய்னர்’ என்று வைத்திருப்பார்கள். கடைசியில் 80,000-க்கு ஒரே பில் போட்டு, அந்த ரசீதை அதன் மேல் கழித்தால் பாக்கி 50,000 என்று சரியாக நிற்கும். கல்யாணம் நின்றுபோனாலும் ரசீதின் மேல் பணத்தைத் திருப்பிவிடலாம், வருமானக் கணக்கு கலையாது.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கே வரி உண்டு. வரி உட்பட 30,000 என்றால் அதில் 4,576 ரூபாய் வரி. அதை முழுதாக லென்ஸ் வாங்கச் செலவழித்துவிட்டு, மறுமாதம் 20-ம் தேதி வரி கட்டத் திண்டாடுபவர்கள் உண்டு.

தவணைப் பிரிப்பையும் மாற்றுங்கள். ‘பாக்கி ஆல்பம் கொடுக்கும்போது’ என்று எழுதினால், மாப்பிள்ளை வீட்டார் படம் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் இழுப்பார்கள். உங்கள் பணமும் கூடவே இழுபடும். புக்கிங் 30,000, கல்யாணத்துக்கு முதல் நாள் 40,000, ஆல்பத்தின்போது 10,000 என்று மூன்று தேதி போடுங்கள். அட்வான்ஸ் பதிவானால்தான் அந்தத் தேதி காலண்டரில் பூட்டப்பட வேண்டும். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ஒரே நாளுக்கு இரண்டு பார்ட்டியிடம் தலையாட்டிவிடும் வம்பு இதனால் குறையும். மென்பொருளைப் பழக ஆடி, மார்கழி நல்ல காலம். உங்கள் ஊரில் தேவாலயக் கல்யாணம் அதிகம் என்றால் தவக்காலமும் கிடைக்கும்.

மணலியில் ஒரு கம்பெனிக்கு வெப்சைட் செய்து 60,000-க்குப் பில் போட்டேன். 54,000தான் வந்தது. மென்பொருள் 6,000 பாக்கி என்று அவர்களுக்குத் தினமும் நினைவூட்டல் அனுப்புகிறது!
— தண்டையார்பேட்டை வாசகி

முதலில் அந்த நினைவூட்டலை நிறுத்துங்கள். அந்த 6,000 டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டும் வருமான வரி. வரவு பதியும் திரையில் ‘பிடித்தம் செய்த வரி’ என்று தனிக் கட்டம் இருக்கும். 54,000 வரவு, 6,000 பிடித்தம் என்று போட்டால் பில் முடிந்துவிடும். அதைத் தள்ளுபடி என்று போட்டுவிடாதீர்கள். வருமானம் 6,000 குறைந்து காட்டும். வரிக் கணக்கு தாக்கலின்போது பொருந்தாது.

நிபுணர் சேவைக்கு 10%, தொழில்நுட்பச் சேவைக்கு 2%, ஒப்பந்த வேலை என்றால் தனிநபருக்கு 1% பிடிப்பார்கள். எந்த வகையில் பிடிக்கப்போகிறார்கள் என்று வேலைக்கு முன்பே அவர்கள் கணக்குப் பிரிவில் கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல் நிபுணர், தொழில்நுட்பச் சேவைக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தாண்டினால்தான் பிடித்தம். நீங்கள் ஜிஎஸ்டி போட்டுப் பில் கொடுத்தால் பிடித்தம் வரிக்கு முந்தைய தொகையில் மட்டும்: 60,000 + 10,800, அதில் 6,000 போக 64,800 வர வேண்டும். 70,800-க்கு 10% பிடித்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் ஏறாது.

மூன்று மாதமாகியும் பணம் தரவில்லை. நினைவூட்டல் போய்க்கொண்டேதான் இருக்கிறது.
— மொழிபெயர்ப்பாளர், வியாசர்பாடி

தானாகப் போகும் மின்னஞ்சலை யாரும் படிப்பதில்லை. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்யுங்கள். அரசுத் தளத்தில் இலவசம், ஆதார், பான் எண்கள் போதும். யாராவது பணம் கேட்டால் அது இடைத்தரகர் தளம். பதிவு எண்ணைப் பில்லின் அடியில் அச்சிடும்படி அமையுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் சிறுதொழில் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி. 2024 ஏப்ரலில் வந்த வருமான வரி விதிப்படி, கெடு தாண்டிய தொகையைக் கொடுத்து முடிக்கும் வரை அவர்கள் செலவாகக் காட்டவும் முடியாது. மார்ச் மாதத்தில் அவர்கள் ஆடிட்டருக்கு அந்த எண் உள்ள பில்லை அனுப்பிப் பாருங்கள். வேலை செய்யும். ஒன்று: பதிவுக்குப் பின் செய்த வேலைக்குத்தான் இந்தப் பிடி. பழைய பாக்கிக்குப் பேச்சுவார்த்தைதான்.

ஆண்டு வருமானம் 12 லட்சம். பில்லில் 18% ஜிஎஸ்டி தானாக வருகிறது. வாங்கலாமா?
— கொடுங்கையூர் வாசகர்

கூடாது. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் வரி வசூலிப்பது சட்டவிரோதம். அமைப்பில் வரியை அணைத்துவிட்டு, தலைப்பில் ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ என்பதை வெறும் ‘இன்வாய்ஸ்’ ஆக்குங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் உடனே ஆடிட்டரைப் பாருங்கள்.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்குத் தமிழில் பில் கொடுத்தால், பிடிஎஃப்பில் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கமாகச் சிதறுகிறது.
— பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

திரையில் சரியாகத் தெரிந்தும் பிடிஎஃப்பில் சிதறினால் கோளாறு பிடிஎஃப் உருவாக்கும் பகுதியில்தான். டெம்ப்ளேட்டில் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் என மாற்றிப் பாருங்கள். கட்டம் கட்டமாக வந்தது என்றால் இதிலேயே சரியாகும். கொம்பு அப்போதும் இடம் மாறினால், மென்பொருளின் ‘பிடிஎஃப் பதிவிறக்கு’ பட்டனை விட்டுவிட்டு, பில்லை பிரவுசரில் திறந்து அச்சுக் கட்டளை கொடுத்து, அங்கே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றும் வரும் ஒரு சோதனைப் பில் போட்டுப் பார்த்த பிறகு கடைக்கு அனுப்புங்கள்.